ஏர்கோன் வேலையும் பொறியியல் பட்டமும்: செந்தூல் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி கேட்டிருப்பது இது. வயது 28. தனியார் கல்லூரியில், பி.டி.பி.டி.என். எனும் அரசாங்கக் கல்விக் கடனில் இயந்திரப் பொறியியல் படித்தவர். ஐந்து வருடத்தில் மூன்று வேலை மாறிவிட்டார். இப்போது பெட்டாலிங் ஜெயாவில் (பீஜே) ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் இருக்கிறார். படித்த படிப்புக்கும் அந்த நாற்காலிக்கும் சம்பந்தம் இல்லை. சனி, ஞாயிறுகளில் நண்பரோடு ஏர்கோன் (ஏசி) சர்வீஸுக்குப் போகிறார். அந்த வேலை பிடித்திருக்கிறது, ஆனால் வெளியே சொல்ல வெட்கம். அப்பா கே.டி.எம். (மலாயன் ரயில்வே) செந்தூல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் நாள் தவறாமல் ஒரே கேள்வி: "எப்போ செட்டில் ஆகப் போற?" கூடப் படித்தவர்கள் கொண்டோ வாங்கிவிட்டார்கள். "இன்னும் அஞ்சு வருசத்துல எங்க இருப்பேன்னு எனக்கே தெரியல. இந்த அழுத்தத்தை எப்படி உதறுறது அக்கா?"

நான் கோலாலம்பூரில் மனிதவளத் துறையில், ஆள் எடுக்கும் பக்கத்தில், பல வருடம் உட்கார்ந்தவள். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததையும், நம் வீடுகளுக்குள் பார்த்ததையும் வைத்துச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

'எல்லாத்தையும் விட்டுட்டு மனசுக்குப் பிடிச்சதைச் செய்' என்று சொல்கிறவர்களை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அப்படிச் சொல்கிறவர்கள் பலருக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு வீடோ கடையோ அப்பாவின் சேமிப்போ இருக்கும். உங்களுக்கு இருப்பது பி.டி.பி.டி.என். பாக்கி. உங்கள் கேள்வியில் இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்று பணம்: கடன் பாக்கி, வீட்டுக்குக் கொடுப்பது, கார் தவணை. மற்றது முகம்: யார் என்ன நினைப்பார்கள், எந்தப் பெயரைச் சொல்லி என்னை அறிமுகப்படுத்துவார்கள் என்பது. பணத்தை உதற முடியாது. உதறினால் வங்கி பார்க்கிற சி.சி.ஆர்.ஐ.எஸ். கடன் பதிவில் வந்து நிற்கும். முகத்தை உதறலாம், பெருமளவுக்கு. நம் பிள்ளைகள் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு அலைவதால்தான் எது எவ்வளவு கனம் என்றே தெரியாமல் போகிறது.

அப்பாவிடமிருந்து தொடங்குகிறேன். அவருடைய கேள்வி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதிக் கோபம் அடங்கும்.

செந்தூலில் கே.டி.எம். குடும்பம் என்றால், ஒரு தலைமுறை பின்னால் போனாலே பல வீடுகளில் ஒரு ரப்பர்த் தோட்டம் வந்துவிடும். தோட்டத்தில் வேலையும் வீடும் ஒன்றுதான். லயம் (தொழிலாளர் வரிசை வீடு) நிர்வாகத்துடையது. விடிகாலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) உங்கள் பெயரைக் கூப்பிடும்வரைதான் அந்த வீடு உங்களுக்கு. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது, தோட்டம் கைமாறிய அன்றே வேலையும் கூரையும் சேர்ந்து ஆட்டம் கண்டன. அடுத்து 1968-ல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது: குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிப் பத்திரம் எடுக்க வேண்டும். இங்கேயே பிறந்து வளர்ந்தும் காகிதம் எடுக்காமல் விட்டவர்கள், சிவப்பு அடையாள அட்டையோடு நின்றவர்கள், வேலை போய்க் கப்பலேறினார்கள். அப்படி இந்தியாவுக்குத் திரும்பியவர்கள் பல்லாயிரம் பேர். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் தாமானாகவும் (குடியிருப்பாகவும்) கோல்ஃப் திடலாகவும் மாறியபோது, அதே கதை மூன்றாவது முறை நடந்தது. இந்த முறை மண்ணெண்ணெய் விளக்குக்குப் பதிலாக ஃப்ளாட்டின் பதினைந்தாவது மாடி கிடைத்தது, அதுவும் எல்லாருக்கும் இல்லை.

இதையெல்லாம் பார்த்த ஒரு மனிதருக்கு ரயில்வே வேலை என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். குவார்ட்டர்ஸ், பென்ஷன், அரசாங்க ஆஸ்பத்திரி, மாதம் பிறந்தால் சம்பளம். காலையில் யாரும் பெயரை அடித்துவிட முடியாது. பிரிக்ஃபீல்ட்ஸும் செந்தூலும் அந்த நிம்மதியின் மேல் எழும்பிய ஊர்கள்தான். உங்கள் அப்பா 'செட்டில்' என்று சொல்லும்போது அவர் மனதில் கொண்டோவும் இல்லை, பதவியும் இல்லை. யாரும் பிடுங்க முடியாத கூரைதான் இருக்கிறது.

அந்தக் காலத்து மனிதர்கள் பாதுகாப்பை எப்படித் தேடினார்கள் என்பதில் இன்னொரு விஷயமும் உண்டு. 1960-ல், அப்போது அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். தோட்டத் தொழிலாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டினார்கள், விற்பனைக்கு வந்த தோட்டங்களைச் சங்கத்தின் பெயரில் வாங்கினார்கள். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் அப்படி வாங்கியதுதான். கோலாலம்பூரில் அந்தச் சங்கத்தின் கட்டடமான விஸ்மா துன் சம்பந்தனைக் கடந்து போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது நினைவிருக்குமோ! பால்மரம் சீவியவர்கள் யாரும் அந்தப் பத்து வெள்ளியைக் கட்டி ஊருக்குள் பெரிய மனிதர் ஆகவில்லை. நாளைக்கு ஒன்று என்றால் கையில் என்ன இருக்கும் என்ற கேள்விக்குத்தான் கட்டினார்கள். பெருமைக்கும் அதற்கும் தொடர்பே கிடையாது.

எங்கோ நடுவழியில் இந்தப் பாதுகாப்புத் தேடல் பெருமைத் தேடலாக மாறிப்போனது. டாக்டர், லாயர், இன்ஜினியர் என்ற மூன்று சொல் மந்திரம் வந்தது. ஒவ்வொரு வருடமும் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடிவு வந்த மறுநாள் நம் தமிழ்ப் பத்திரிகைகளைப் பாருங்கள்: ஏ எண்ணிக்கையோடு பிள்ளைகளின் படம், கீழே 'மருத்துவராகி மக்களுக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்'. பதினேழு வயதுப் பிள்ளைக்கு வேறு என்ன சொல்லத் தோன்றும்? அதற்குப் பிறகு மெட்ரிகுலேஷன் கிடைக்குமா, எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவம்) போகலாமா, கடன் எடுத்துத் தனியார் கல்லூரியா என்று சாப்பாட்டு மேசையில் சில வாரங்களுக்குள் ஒரு முடிவு. இடஒதுக்கீட்டின் நிழல் வேறு. கிடைக்கிற ஒரு வாய்ப்பைத் தவறவிட்டால் இன்னொன்று வராது என்ற பயம் நம் வீடுகளில் நியாயமாகவே இருந்தது, அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த அவசரத்தில் எடுத்த முடிவுக்கு 28 வயதிலும் விசுவாசமாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

சரி, உத்தரவாதத்துக்கு வருவோம். அப்பா காட்டுகிற 'நிரந்தர வேலை' இன்று எங்கே இருக்கிறது? அவர் காலத்திலேயே அது கரையத் தொடங்கிவிட்டது. தொலைத்தொடர்பு இலாகா 1987-ல் நிறுவனமாக மாற்றப்பட்டது. மின்சார வாரியமான லெம்பாகா லெட்ரிக் நெகாரா 1990-ல் தெனாகா நேஷனல் ஆனது. 1992 ஆகஸ்டில் மலாயன் ரயில்வே நிறுவனமாகியது. உங்கள் அப்பா அதை உள்ளேயிருந்து பார்த்திருப்பார். அந்த நாட்களில் பட்டறையில் என்ன பேசிக்கொண்டார்கள், அவர் இரவு தூங்கினாரா என்று ஒரு நாள் கேளுங்கள். மகன் கேட்டதே இல்லாத கேள்வியாக இருக்கும்.

2015-ல் மாஸ் (மலேசியா ஏர்லைன்ஸ்) சீரமைப்பில் சுமார் இருபதாயிரம் பேரில் ஆறாயிரம் பேர் வேலையிழந்தார்கள். விமான நிறுவனத்தில் வேலை என்றால் பெண் கொடுக்க வரிசையில் நின்ற காலம் ஒன்று இருந்தது. 1924-லிருந்து வந்துகொண்டிருந்த 'தமிழ் நேசன்' நாளிதழ் 2019-ல் நின்றது. எல்லாவற்றுக்கும் மேல், நம் சமூகத்தின் உச்சாணிக் கொம்பான டாக்டர் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ரஷ்யாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் இந்தியாவுக்கும் வீட்டை அடகு வைத்துப் பிள்ளைகளை அனுப்பினார்கள். 2016 டிசம்பரிலிருந்து அரசாங்க ஆஸ்பத்திரிகளில் புதிதாகச் சேர்ந்த பயிற்சி மருத்துவர்கள் ஒப்பந்த முறையில்தான் எடுக்கப்பட்டார்கள். நிரந்தரப் பணி கிடைத்தது ஒரு சிறு பகுதியினருக்கே. 2021 ஜூலை 26-ஆம் தேதி, கோவிட் உச்சத்தில் இருந்தபோது, அந்த ஒப்பந்த மருத்துவர்கள் கறுப்புச் சட்டையில் வார்டுகளைவிட்டு வெளியே வந்து நின்றார்கள். கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரி வாசலிலும் நின்றார்கள். 'டாக்டருக்குப் படிச்சா கவலையே இல்ல' என்ற சொல்லை அன்றைக்கே மூட்டை கட்டி வைத்திருக்க வேண்டும். நாம் வைக்கவில்லை.

ஆகவே உங்களுக்கு ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்போம் என்று தெரியவில்லை என்றால், அது உங்கள் குறை இல்லை. தெரிந்தவர் யாரும் இல்லை. சிலர் தெரிந்த மாதிரி பேசப் பழகியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதை நேர்முகத் தேர்வு அறைக்குள் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். 'அடுத்த ஐந்து வருடத்தில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?' என்று எல்லாரும் கேட்பார்கள். ஏன் கேட்கிறோம் தெரியுமா? படிவத்தில் அந்தக் கேள்விக்கு ஒரு கட்டம் இருக்கிறது. ஒரு முறை என் பக்கத்தில் உட்கார்ந்து, வந்த பையனிடம் இதை மிகவும் கண்டிப்பான குரலில் கேட்ட மேலாளர், அந்தப் பையன் வேலையில் சேர்வதற்கு முன்பே ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டுச் சிங்கப்பூர் போய்விட்டார். பையன் முதல் நாள் வந்து அவரைத் தேடினான், பாவம்.

மூன்று வேலை மாறியதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒரே வருடத்தில் மூன்று என்றால் நாங்கள் புருவத்தைத் தூக்குவோம். ஐந்து வருடத்தில் மூன்று என்றால் காரணம் கேட்போம், இரண்டு வாக்கியத்தில் நேராகச் சொன்னால் அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். மென்று விழுங்கினால்தான் தோண்டுவோம். பட்டத்துக்குச் சம்பந்தம் இல்லாத வேலை என்பதும் உங்களை மட்டும் தனியாகப் பிடித்த சனி இல்லை. இந்த நாட்டில் உயர்கல்வி முடித்து வேலையில் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் தங்கள் தகுதிக்குக் குறைந்த வேலையில் இருப்பதாகப் புள்ளிவிவரத் துறையின் கணக்கே சொல்கிறது. இத்தனை பேரும் சோம்பேறிகளாக இருக்க முடியாதல்லவா? பட்டதாரிகள் பெருகிய வேகத்துக்கு அந்தப் பட்டங்களைக் கேட்கிற வேலைகள் பெருகவில்லை.

கொண்டோ வாங்கிய நண்பர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது பெரும்பாலும் 35 வருடக் கடன். சாவி வாங்கிய படத்தைத்தான் போடுவார்கள், வங்கி அறிக்கையைப் போட மாட்டார்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

சொந்தக்காரர்களைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் முகம் என்பது அங்கேதான் வாழ்கிறது. போன வருடம் கிள்ளானில் ஒரு கல்யாண மண்டபத்தில், எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் பக்கத்து இலைப் பையனிடம், "என்னப்பா, இப்போ எங்க வேலை?" என்றார். பையன் முதுகு நிமிர்த்திக்கொண்டு பதில் சொல்ல ஆரம்பித்தான். முந்தைய கம்பெனி ஏன் சரிவரவில்லை, இப்போது செய்வது தற்காலிகம்தான், அடுத்து என்ன திட்டம், எல்லாம். காது சிவந்துவிட்டது அவனுக்கு. பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டே பாயசம் எந்த வரிசையில் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவன் முடித்ததும், "நல்லது நல்லது. அப்பா வரலையா?" என்றார். அப்பா இரண்டு இலை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார்.

பெரும்பாலான விசாரிப்புகள் இந்த ரகம். 'பசியாறியாச்சா' என்பதுபோல வாயில் வருகிற கேள்வி. அதற்கு நீங்கள் வாக்குமூலம் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு வரி தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: "பீஜேல ஒரு கம்பெனில இருக்கேன் மாமா, சனி ஞாயிறு ஏர்கோன் வேலையும் பாக்குறேன். உங்க முட்டி வலி எப்படி இருக்கு?" முட்டி வலி என்று ஆரம்பித்துவிட்டால் அப்புறம் உங்கள் முறையே வராது. இன்னொரு ரகமும் உண்டு, ஒப்பிட்டுக் குத்துவதற்காகவே கேட்கிறவர்கள். குடும்பத்துக்கு ஒருவர் இருப்பார். அவர்களுக்கும் அதே ஒரு வரிதான். வியர்க்காத முகத்தோடு சொன்னால் இரண்டாவது முறை கேட்க மாட்டார்கள்.

(பெண் பிள்ளைகளுக்கு இதே கேள்வி வேறு வேடத்தில் வரும். இருபத்தைந்து வரை 'நல்ல வேலை கிடைச்சுதா', அதற்கு மேல் 'வேலை வேலைன்னு இருந்தா கல்யாணம் எப்போ'. இரண்டு கேள்வியையும் ஒரே ஆளே கேட்பார். அதற்குத் தனியாக எழுத வேண்டும்.)

இப்போது ஏர்கோன். நீங்கள் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போனீர்கள், எனக்கு அங்கேதான் கண் நின்றது. நீங்கள் எழுதியது: "ஒரு வீட்டுல மூணு பேர் வந்து கேஸ் ஏத்திட்டுப் போயிருக்காங்க, மறுபடி மறுபடி காயில்ல ஐஸ் கட்டுது. நான் பார்த்தப்போ ஃப்ளேர் நட்டுல கசிவு." மூன்று பேர் கேஸ் ஏற்றிக் காசு வாங்கிக்கொண்டு போன இடத்தில் நீங்கள் ஏன் குறைகிறது என்று தேடியிருக்கிறீர்கள். கேஸ் குறைந்தால் அழுத்தம் இறங்கும், காயிலின் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போகும், காற்றிலுள்ள ஈரம் அங்கே பனியாகும். இது உங்கள் பட்டப்படிப்பில் படித்த வெப்பவியல்தானே? அந்தப் படிப்பு வீணாகவில்லை, வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. அதைச் சொல்ல வெட்கப்படுகிறீர்கள், ஆனால் எந்த நாளும் குளிரூட்டிய அறையில் தலையில் ஹெட்செட் மாட்டி மன்னிப்புக் கேட்கிற வேலையைச் சொல்ல வெட்கப்படவில்லை. கழுத்தில் அட்டை தொங்குகிறது என்ற ஒரே காரணத்துக்காக!

அதற்காக நாளைக்கே ராஜினாமா செய்யச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பிடித்த வேலைக்கும் கணக்கு உண்டு. பெருநாளுக்கு முந்தின வாரங்களில் எல்லா வீடும் கூப்பிடும், மற்ற மாதங்களில் கைப்பேசி சும்மா கிடக்கும். கொண்டோவின் வெளிச்சுவரில் கம்ப்ரஸரைத் தொட எட்டி நிற்கிற வேலையில் ஆபத்து நிஜம். முதுகும் முழங்காலும் நாற்பது வயதில் என்ன சொல்லும் என்பதையும் யோசிக்க வேண்டும். பலர் அதற்குள் இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு மேற்பார்வைக்கோ, கட்டடப் பராமரிப்பு ஒப்பந்தங்களுக்கோ நகர்ந்துவிடுகிறார்கள். உங்கள் பட்டம் அங்கே வேலைக்கு வரும். எஸ்.கே.எம். எனும் தொழில்திறன் சான்றிதழ் இருந்தால் கதவு இன்னும் சுலபமாகத் திறக்கும். இந்த வழி சரிவருமா என்று இப்போதே தெரிந்தாக வேண்டும் என்றால் எந்த வழியிலும் காலெடுத்து வைக்க முடியாது. சனி ஞாயிறு செய்வதை ஒரு வருடத்துக்குக் கணக்கெழுதிச் செய்து பாருங்கள். வந்தது, பெட்ரோல், டோல், பொருள், திரும்பக் கூப்பிட்ட வீடுகள், காசு தராமல் இழுத்தவர்கள், எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். வருடக் கடைசியில் அந்த நோட்டு சொல்வதை எந்த ஆலோசகரும் சொல்ல முடியாது, நான் உட்பட.

சம்பளப் பட்டியலில் இருக்கும்வரை உங்களுக்குக் கிடைக்கிற பாதுகாப்புகள் என்னென்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் பிள்ளைகளில் பலருக்குச் சம்பளச் சீட்டில் கடைசி எண்ணைத் தவிர எதுவும் தெரியாது. இ.பி.எஃப். எனும் ஊழியர் சேமநிதியில் உங்கள் பங்கு 11 விழுக்காடு. முதலாளி உங்கள் சம்பளத்தைப் பொறுத்து 12 அல்லது 13 விழுக்காடு போடுகிறார். சொந்தத் தொழிலுக்குப் போனால் இந்த இரண்டாவது பங்கு நின்றுவிடும். வருமானத்தை ஒப்பிடும்போது இதைச் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து புதிதாக விழுகிற பணம் 75, 15, 10 என்று மூன்று கணக்குகளாகப் பிரிகிறது. அந்தப் பத்து விழுக்காட்டை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதாலேயே எடுத்துவிடாதீர்கள்.

சொக்சோவின் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலையின்மைக் காப்புறுதி 2018-லிருந்து நடப்பில் இருக்கிறது. ஆட்குறைப்பில் வேலை போனால் 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தகுதி இருந்தால் அதிகபட்சம் ஆறு மாதம், காப்புறுதிக் கணக்கில் எடுத்துக்கொள்கிற சம்பளத்தில் முதல் மாதம் 80 விழுக்காடு, பிறகு 50, 40, 40, 30, 30 என்று தருவார்கள். ஆனால் நீங்களாக ராஜினாமா செய்தால் இது கிடையாது. கோபத்தில் கடிதம் கொடுக்கிறவர்கள் பலர் இதை அப்புறம்தான் தெரிந்துகொள்கிறார்கள். ஆகவே நீங்களாக விலகுவதாக இருந்தால் அந்த ஆறு மாதத்தை நீங்களேதான் முன்கூட்டிச் சேர்த்து வைக்க வேண்டும். சுயதொழில் செய்கிறவர்களுக்குச் சொக்சோவில் தனித் திட்டம் இருக்கிறது, வேலையிடத்து விபத்துக்கு அது கைகொடுக்கும். ஏணியில் ஏறுகிறவர் அது இல்லாமல் ஏறக் கூடாது.

பி.டி.பி.டி.என். கடனுக்குச் சேவைக் கட்டணம் வருடத்துக்கு ஒரு விழுக்காடுதான். இதைவிட மலிவான கடன் உங்கள் வாழ்க்கையில் இனி வராது. மாதத் தொகை கட்டுப்படியாகவில்லை என்றால் போய்ப் பேசித் தவணையை மாற்றியமைக்கலாம். தலையை மணலில் புதைத்துக்கொள்வதுதான் ஆபத்து. கார், கிரெடிட் கார்டு என்று எல்லாம் சேர்ந்து கழுத்தை நெரித்தால் ஏ.கே.பி.கே. எனும் கடன் ஆலோசனை அமைப்பு இருக்கிறது. மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-ல் தொடங்கியது. ஆலோசனைக்குக் காசு வாங்க மாட்டார்கள். வட்டிக்குக் கொடுப்பவரிடம் போவதற்கு முன் அங்கே போங்கள்.

அப்பாவிடம் எப்படிப் பேசுவது? எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், பெரிய தணிக்கை நிறுவனத்தில் இருந்த பெண் வேலையை விட்டுவிட்டுச் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொன்னாள். அப்பா இரண்டு வாரம் பேசவில்லை. அவள் 'என் சந்தோஷம்', 'என் வாழ்க்கை' என்று பேசியவரை எதுவும் நடக்கவில்லை. ஒரு நாள் இரவு ஒரு தாளை எடுத்து வந்து மேசையில் வைத்தாள்.

"அப்பா, வீட்டுக்கு மாசம் ஐந்நூறு வெள்ளி குடுத்துட்டு இருந்தேன். அது நிக்காது. ஒரு வருசத்துக்கு உள்ளது தனியா எடுத்து வச்சிட்டேன்."

"அப்புறம்?"

"ஒரு வருசத்துல மாசத்துக்கு இவ்ளோ வரலைன்னா மறுபடி வேலைக்குப் போயிடுவேன். தேதி எழுதியிருக்கேன், பாருங்க."

அவர் தாளைப் பார்த்தார். ரொம்ப நேரம் கழித்து, "நாளைக்கு எங்களுக்கு ஒன்னு ஆச்சுன்னா நீ தனியா நிக்கக் கூடாதும்மா, அதான்" என்றார். அவர் இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அதுதான். 'எப்போ செட்டில்' என்பது அதற்குப் போட்ட மேல்சட்டை. அந்தப் பெண் இன்றும் பெரிய சம்பாத்தியம் ஒன்றும் இல்லை, ஆனால் வீட்டில் சண்டை நின்றது.

உங்கள் அப்பாவிடமும் மனதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் தொகையையும் தேதியையும் பேசுங்கள். வீட்டுக்கு எவ்வளவு, எதுவரைக்கும், சரிவராவிட்டால் என்ன. பட்டறையில் வேலை பார்த்தவர், அளவு சொன்னால் புரியும். அளவில்லாத பேச்சுதான் அவரைப் பயமுறுத்துகிறது. பட்டறை ஆளுக்கு ஸ்பேனர் பிடிக்கிற மகனைப் பார்த்து வெட்கம் வரும் என்று நீங்களாக முடிவு கட்டியிருக்கிறீர்கள். கேட்டுப் பார்த்தீர்களா? எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஒரு சனிக்கிழமை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், சும்மா பார்க்க.

இவ்வளவும் தலை தெளிவாக இருக்கிறவருக்கு. இரவெல்லாம் தூக்கம் வராமல், காலையில் எழுந்து வேலைக்குக் கிளம்பவே முடியாமல், 'நான் இல்லாவிட்டால்தான் நல்லது' என்ற நினைப்பு வருவதாக இருந்தால் விஷயம் வேறு. அப்போது கணக்கு நோட்டு உதவாது. கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார கிளினிக்) டாக்டரைப் பாருங்கள். மனம்விட்டுப் பேச உதவும் பிஃப்ரண்டர்ஸ் அமைப்பின் எண் 03-76272929, 24 மணி நேரமும் யாராவது எடுப்பார்கள். நம் ஆட்கள் சாமி பார்க்கப் போவார்கள், இதற்குப் போக மாட்டார்கள். இரண்டுக்கும் போகலாம்.

குடும்பத்தில் நீங்கள் ஒருவர்தான் சம்பாதிக்கிறீர்களா என்று எழுதவில்லை. அப்படியென்றால் நான் சொன்ன ஒரு வருடம் இரண்டு வருடமாகலாம், வாடிக்கையாளர் சேவை வேலையிலேயே இருந்துகொண்டு இரவில் எஸ்.கே.எம். படிக்க வேண்டி வரலாம். அது தோல்வி என்று யாராவது சொன்னால், அவர் உங்கள் வீட்டு மின்சாரக் கட்டணத்தைக் கட்டுகிறாரா என்று பாருங்கள்.

நண்பரோடு இதைத் தொழிலாகவே செய்வது என்று முடிவானால் முதலில் எஸ்.எஸ்.எம். எனும் வணிகப் பதிவு ஆணையத்தில் பதியுங்கள். வேறு வணிகப் பெயரில் என்றால் வருடத்துக்கு 60 வெள்ளி, சொந்தப் பெயரிலேயே என்றால் 30. இரண்டு பேர் என்றால் பங்கு எவ்வளவு என்பதோடு, வேன் யார் பெயரில், வேக்குவம் பம்பும் கேஸ் சிலிண்டரும் யாருடையவை, ஒருவர் விலகினால் பழைய வாடிக்கையாளர்களின் எண்கள் யாரிடம் இருக்கும் என்பதையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நல்ல நண்பர் என்பதால் வேண்டாம் என்பீர்கள். நல்ல நண்பராக இருக்கும்போதே எழுதினால்தான் எழுத முடியும்.